களஞ்சியக்காரரின் தாடி

நான் சந்தேகக்காரிதானுங்க. அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? பால்காரர் ஊத்துற பாலை விரல்ல தொட்டுப் பார்த்துத்தான் உள்ள கொண்டுபோவேன். தக்காளிக் கூடை மேலாப்புல செவச்செவன்னு இருந்தா, அடியில கையை விட்டுப் பார்ப்பேன். ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடைக்காரர் "அசல் ஜரிகைங்கம்மா"ன்னு சேலையை விரிச்சுப் போட்டா, நான் ஜரிகையைப் பார்க்க மாட்டேன், அவர் மூஞ்சியைப் பார்ப்பேன். "உன்ற கண்ணுக்கு முன்னால ஒருத்தன் நிம்மதியா நல்லவனாக்கூட இருக்க முடியாது அம்மணி"ன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. அதை நான் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

அப்படிப்பட்ட என் முன்னாலதான் அந்த மனுசன் தாடி வளர்க்க ஆரம்பிச்சாரு.

பம்புசெட் கம்பெனியில வேலை பார்த்த காலத்துல இருந்து தினமும் சவரம் பண்ணுற ஆளு. காய்ச்சல்ல படுத்திருந்தாக்கூட எந்திரிச்சு உக்காந்து பண்ணுவாரு. ஒரு வாரமா சவரக் கிண்ணம் காஞ்சு கிடந்தா எனக்குத் தெரியாதுங்களா?

"ஏனுங்க, மூஞ்சியில என்னங்க காடு?"

"வேண்டுதல் அம்மணி. முருகனுக்கு."

"எதுக்கு வேண்டுதல்?"

"வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாது."

"நான் வெளியவா?"

அவரு பேப்பருக்குள்ள போயிட்டாரு.

எங்க ஊட்டுல வேண்டுதல்ன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. வெள்ளைத் துணியை மஞ்சள்ல நனைச்சு, அதுல காசு ஒண்ணு முடிஞ்சு, சாமி படத்துக்குப் பின்னால வெச்சிரோணும். பழனிக்குப் போய் முடி எறக்குற அன்னைக்குத்தான் அதை எடுக்கறது. முடிச்சு இல்லாம வேண்டுதல் இல்லை. நான் ஸ்டூல் போட்டு ஏறி முருகன் படத்துக்குப் பின்னால கையை விட்டுத் துழாவினேன். பழைய சூடக் கவரும் பல்லி முட்டையும்தான் இருந்துச்சு. ஆக, வேண்டுதல்ங்கறது பொய்.

பொய்ன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. ஏன்னா, இதே தாடியை நான் முன்னமே ஒருக்கா பார்த்திருக்கறேன். இவருக்கு ஒரு அண்ணன். தாராபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தவரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவரும் இப்படித்தான் திடீர்னு தாடி விட்டாரு. கேட்டதுக்கு வேண்டுதல்ன்னாரு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருறப்பக் கேட்டா அல்சர்ன்னாரு. எல்லாம் முடிஞ்ச பின்னாலதான் எங்களுக்கு விசயம் தெரிஞ்சுது, அது அல்சர் இல்லைன்னு. அவர் சம்சாரம், நான் அக்கான்னு கூப்புடுறவங்க, அழக்கூட இல்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மனுசனுக்குப் பிடிச்ச பணியாரமாவது தினமும் சுட்டுப் போட்டிருப்பேனே"ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அந்தப் பேச்சு எனக்குள்ள அப்படியே தங்கிப்போச்சு.

அண்ணன் பண்ணுனதைத் தம்பியும் பண்ணப் பார்க்கறாரு. எனக்குச் சொல்லாமயே சாகப் பார்க்கறாரு. இதுதாங்க எனக்கு அப்ப இருந்த வெசனம் முச்சூடும்.

இத்தனைக்கும் என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குன மனுசன். அந்தச் சமயத்துல எனக்கே உடம்பு சரியில்லை. படி ஏறுனா மூச்சு வாங்கும், சும்மா உக்காந்திருந்தாலே அசதி. முதல்ல பக்கத்துக் கிளினிக், அப்பறம் பெரிய ஆஸ்பத்திரின்னு கூட்டிக்கிட்டுப் போனாரு. ரத்தம் எடுத்தாங்க. டாக்டர் இவர்கிட்ட இங்கிலீசுல கொஞ்ச நேரம் பேசிப்போட்டு, என் பக்கம் திரும்பி "நல்லாச் சாப்பிடுங்க"ன்னாரு. வெளிய வராந்தாவுல தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல நின்னு, "ரத்தம் கம்மி அம்மணி, வேறொண்ணுமில்ல. சத்து மாத்திரை போட்டாச் சரியாப்போயிரும்"னு இவரு சொன்னாரு. அன்னையில இருந்து மாசாமாசம் ரத்தம் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போவாரு. ராச்சோறு ஆனதும் அவரே அட்டையில இருந்து மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில வெப்பாரு, தண்ணியும் மோந்து குடுப்பாரு. பக்கத்து ஊட்டம்மாகிட்ட இதைச் சொல்லி நான் பீத்திக்காத நாளில்லை.

அப்படிப் பார்த்துக்குற ஆளு, அடிக்கடி தோப்புக்குப் போறேன்னு கெளம்பிப்போக ஆரம்பிச்சாரு. திரும்பி வாரப்ப வேட்டியெல்லாம் செம்மண்ணு. காதுக்குப் பின்னால பிசுபிசுன்னு கோந்து மாதிரி என்னமோ ஒட்டியிருக்கும். தேங்காயெண்ணெய்ப் பாட்டில் வேகவேகமாக் காலியாச்சு. எண்ணெயைத் தேய்ச்சு அந்தக் கோந்தை அவரு ரகசியமா எடுக்கறதை நான் கண்ணாடியில பார்த்தேன். ஆஸ்பத்திரியில வயர் ஒட்டிப் படம் எடுப்பாங்களே, அந்த மருந்தாத்தான் இருக்கோணும்ன்னு நானே முடிவு கட்டிப்போட்டேன்.

ஒரு நாள் காலையில சமையக்கட்டுல பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்கறேன். குளியலறைக்குள்ள இருந்து அவரு குரல் வருது. தண்ணிச் சத்தம் இல்லை. தனக்குத்தானே பேசறாரு.

"மிச்சம் கொஞ்சந்தான் இருக்குது. எத்தனை நாளைக்கு வரும்ன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாங்க."

சித்தே நேரம் கழிச்சு அதையே மறுபடியும் சொன்னாரு. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். பீன்ஸும் கத்தியும் மடியில கிடக்குது. அட சாமி, இப்படியா ஒரு மனுசன் ஒத்தையில நின்னு புலம்புவான்?

வெளிய வந்ததும் நேராவே கேட்டேன். "ஏனுங்க, உங்க உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"எனக்கென்ன அம்மணி? கல்லு மாதிரி இருக்கறேன்."

மூஞ்சியை உத்துப் பார்த்தேன். பொய்யே இல்லை. பட்டுக்கடைக்காரர் மூஞ்சியிலயே கண்டுபிடிக்கற எனக்கு, இந்த மூஞ்சியில ஒண்ணும் கிடைக்கலை. அதுதான் இன்னும் பயமாப் போச்சு. இவ்வளவு சுத்தமாப் பொய் சொல்ல எங்க கத்துக்கிட்டாரு?

அடுத்த நாள் அவர் போன பின்னால நானும் கெளம்பிட்டேன். மூச்சு வாங்கினா வாங்கட்டும்ன்னு, பல்லடம் வழியாப் போற பஸ்ஸைப் பிடிச்சுத் தாராபுரம் போய், ஒரு ஆட்டோ வெச்சுத் தோப்புக்கே போயிட்டேன். என்னைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "வா கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சாமி ரூம் கதவைச் சாத்துனாங்க. நான் கவனிச்சுக்கிட்டேன். சோத்துக்கு மேல நெய்யை ஊத்து ஊத்துன்னு ஊத்துனாங்க. முருங்கைக்கீரையை மலையாட்டம் வெச்சாங்க. "நல்லாச் சாப்பிடு கண்ணு, நல்லாச் சாப்பிடு"ன்னு சொல்றாங்களே தவிர, என் கண்ணைப் பார்க்கலை.

"அக்கா, அவருக்கு என்ன வியாதி?"

"அவருக்கா?"ன்னாங்க. கரண்டி அப்படியே நின்னுபோச்சு. "அவருக்கு ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்ப எதுக்குத் தாடி? எதுக்குப் பொய்யு? உங்களுக்குத் தெரியும். நீங்க பட்டதை நானும் படோணுமா?"

அக்கா முந்தானையில கையைத் துடைச்சாங்க. ரொம்ப நேரம் துடைச்சாங்க. "அவரையே போய்க் கேளு. நான் சொன்னா நல்லா இருக்காது. ஆத்தோரம் பாறைக்காட்டுல இருக்கறாரு. வா, நானே வண்டியில கொண்டுபோறேன்"னாங்க.

அமராவதி ஓரமா அந்தப் பாறைக்காட்டுல எந்தக் காலத்துலயும் வேலிமுள்ளைத் தவிர வேறொண்ணும் கிடையாது. அன்னைக்குப் போனா, அங்க ஒரு கோட்டை நிக்குது. மதிலு, கொடி, யானை முட்டுனாலும் அசையாத கதவு. பக்கத்துல போய்ப் பார்த்தா முன்பக்கம்தான் கருங்கல்லு, பின்பக்கம் முச்சூடும் பிளைவுட்டும் சவுக்குக் கம்பும். நான் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தேன், டொக்குன்னுச்சு. சினிமா சூட்டிங்காம். அந்தக் காலத்துல ஆத்தோரம் ஒரு கோட்டை ஊரு, அதைப் பெரிய படை ஒண்ணு வளைச்சுக்கிட்டு, சோறு தண்ணி உள்ள போகாம அடைச்சு வெக்குது. ஊருக்காரங்க சரணடைய மாட்டேன்னு நிக்கறாங்க. அதுதான் கதைன்னு அங்க அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு.

ஊருக்காரங்களா நடிக்கறதெல்லாம் சுத்துப்பட்டுச் சனம்தான். உரக்கடைக்காரர் மதில் மேல வேலோட நிக்கறாரு. கீழ எதிரிப் படை. மேல நிக்கற சனம் எதிரியைத் திட்டி விரட்டோணும். டைரக்டர் கை காட்டுனாரு. எங்க சனம் திட்டுச்சு பாருங்க.

"ஏனுங்க! போயிருங்க! உள்ள வந்தீங்கன்னா நல்லா இருக்காதுங்க, சொல்லிப்போட்டோம்!"

டைரக்டர் தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. மதில் மேல இருந்த ஒரு அம்மா சமாதானம் சொல்லுச்சு: "சண்டைக்கு வந்தவங்கதானுங்க, இருந்தாலும் முன்னப்பின்ன தெரியாத மனுசங்களை எப்படிங்க வாடா போடான்னு பேசறது?"

எனக்குச் சிரிக்கற நிலைமை இல்லை. கூட்டத்துல எங்கூட்டுக்காரரைத் தேடறேன். தூரத்துல ஒரு பெரிய கதவுக்கு முன்னால அழுக்கு வேட்டி, சவுரி முடிக் கொண்டை, இடுப்புல சாவிக்கொத்தோட ஒரு ஆளு. அந்தத் தாடி! அந்த ஊரோட களஞ்சியக்காரராம். அரிசி இருக்குதான்னு சனமெல்லாம் வந்து கேட்கும். அவரு மேல் மூட்டையைப் பிரிச்சு ஒரு கை அரிசியை அள்ளி வழிய விட்டு, "நெறைய இருக்குது"ன்னு சொல்லோணும். நிசத்துல அந்த ஒரு மூட்டைதான் அரிசி, கீழ இருக்கறதெல்லாம் மணலு. ஊரு மனசு உடைஞ்சு போகாம இருக்க அவர் சொல்ற பொய்யாம். அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல, குளியலறையில கேட்ட பேச்சு எனக்கு விளங்கிருச்சு. காதுக்குப் பின்னால இருந்த கோந்து சவுரியை ஒட்டறதுக்குன்னும் விளங்கிருச்சு.

என்னைப் பார்த்ததும் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க ஓடி வந்தாரு. நான் கையில இருந்த பையாலயே தோள்ல ரெண்டு வெச்சேன்.

"இதுக்காங்க இத்தனை திருட்டுத்தனம்? வெக்கமா இல்லை?"

"நீ சிரிப்பேன்னு..."

"செத்துப்போயிருவீங்கன்னு நெனச்சேனே! உங்க அண்ணனாட்டம் என்கிட்டச் சொல்லாமயே போயிருவீங்கன்னு நெனச்சேனே!" எல்லாரும் பார்க்கப் பார்க்க நான் ஓன்னு அழுதுட்டேன்.

"நானா?"ன்னாரு. கண்ணு ரெண்டும் தளும்பிருச்சு. எனக்காக அழறாருன்னு நெனச்சேன். அதுவும் சரிதான்.

அக்கா பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னாங்க: "சொல்லிப்போடுங்க தம்பி. இப்பவே சொல்லிப்போடுங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சுங்களே அண்ணி, நடிக்கறது"ன்னு இவரு அவசரமாச் சொல்லிப்போட்டுத் திரும்பிக்கிட்டாரு.

எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசத்துல பாறைக்காடே பச்சையாத் தெரிஞ்சுது. கெளம்புறப்ப அந்தப் பொண்ணுகிட்ட, "உங்க படத்துக்காக இந்த மனுசன் தாடி வளர்த்து என் உசிரை வாங்கிட்டாரு"ன்னு சிரிச்சேன்.

"இல்லீங்கம்மா, சார் வரும்போதே தாடியோடதான் வந்தாரு. அதைப் பார்த்துத்தான் டைரக்டர் எடுத்துக்கிட்டாரு"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

பஸ்ஸுல வாரப்ப அதைக் கேட்டேன். "தாடி சினிமாவுக்கு முன்னாலயே இருந்துச்சாமே?"

"சோம்பேறித்தனம் அம்மணி"ன்னாரு, சன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே. காத்தாலை சுத்தறதைப் பார்த்தாரா, என்னைப் பார்க்கக்கூடாதுன்னு பார்த்தாரா தெரியலை. அந்தப் பதில் எனக்குச் சீரணமாகலை. ஆனா, ஆளு உசிரோட பக்கத்துல உக்காந்திருக்கறாரு, போதும்ன்னு விட்டுட்டேன். சூட்டிங் முடிஞ்சும் தாடி போகலை. கேட்டா "படம் வரட்டும்"ன்னாரு.

படம் வந்துச்சு. மேட்னி ஷோவுக்கு மூணு பேரும் போனோம், நான் நடுவுல, அக்கா ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். மதில் மேல நின்ன உரக்கடைக்காரர் வந்தப்ப நான் கையைத் தட்டுனேன். சனத்தோட குரலையெல்லாம் மாத்தி, யாரோ நல்லாத் திட்டத் தெரிஞ்சவங்களை வெச்சுப் பேச வெச்சிருந்தாங்க.

அப்பறம் களஞ்சியம் வந்துச்சு. சூட்டிங்ல அவரு நடிக்கறப்ப நான் தூரத்துல நின்னதால தாடியை மட்டுந்தான் பார்த்திருந்தேன். இங்க மூஞ்சி செவுரு அகலத்துக்கு நிக்குது. ஒரு கிழவி கேட்கறா, "அரிசி இருக்குதா சாமி?" இவரு பேசறதுக்கு முன்னால ஒரு சிரிப்புச் சிரிக்கறாரு. கீழுதட்டை நாக்கால நனைக்கறாரு. வலது புருவம் இத்தனூண்டு மேல எந்திரிக்குது. "நெறைய இருக்குது"ங்கறாரு.

இந்த மூஞ்சியை நான் பார்த்திருக்கறேன். எங்க பார்த்தேன்? தண்ணி டிரம். ஆஸ்பத்திரி வராந்தா. இதே சிரிப்பு, இதே உதடு, இதே புருவம். "ரத்தம் கம்மி அம்மணி, வேறொண்ணுமில்ல."

அவ்வளவுதாங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எல்லாம் வந்து நின்னுச்சு. அக்கா "அவருக்கா?"ன்னு கேட்டது. இவரு "நானா?"ன்னு கேட்டது. நெய்யி. மாசாமாசம் எடுக்கற ரத்தம். அட்டையை என் கண்ணுல காட்டாம உள்ளங்கையில வெச்ச மாத்திரை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறேன்"னு சொன்னப்ப அந்த மூஞ்சியில பொய் இல்லாம போனது. இருந்தாத்தானே தெரியும்? வியாதி அவருக்கில்லை.

எனக்கு முதல்ல வந்தது பயமில்லைங்க, கோபம். பாலை விரல்ல தொட்டுப் பார்க்கறவ, தக்காளிக் கூடைக்கு அடியில கை விடறவ, உள்ளங்கையில வெச்சதை என்னன்னு கேட்காம முழுங்கியிருக்கறேன். பயம் அப்பறம் வந்துச்சு. பக்கத்துல அவரு பாப்கார்ன் தின்னுக்கிட்டு இருக்கறாரு.

திரையில ஒரு பொம்பளை களஞ்சியத்துக்குள்ள புகுந்து ரெண்டாவது மூட்டைக்குள்ள கையை விடறா. மணலு. அவ மூட்டை வாயை மறுபடியும் கட்டிப்போட்டு, வெளிய வந்து, "நெறைய இருக்குது"ன்னு அவளும் சொல்றா. தியேட்டரே கை தட்டுச்சு. கடைசியில ஆத்துல வெள்ளம் வந்து எதிரிப் படை கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு ஓடுது. ஒரே விசில். அந்தப் பொம்பளை பெரிய மனசுக்காரிதான், நான் இல்லைங்கலை. ஆனா அவ மாதிரி வாயைக் கட்டிப்போட்டு உக்காந்திருக்க எனக்கு வராது.

படம் விட்டு வெளிய வந்து பேக்கரியில உக்காந்தோம். டீயும் தேங்காய்ப் பன்னும் வந்துச்சு. "எப்படி இருந்துச்சு என்ற நடிப்பு?"ன்னு கேட்டாரு.

"ஏனுங்க, என்ற மூட்டையில அரிசி எவ்வளவுங்க, மணலு எவ்வளவு?"

டீ கிளாஸ் பாதி வழியில நின்னுச்சு. உதட்டை நனைச்சாரு. புருவம் எந்திரிக்கப் பார்த்துச்சு.

"அந்த மூஞ்சி வேண்டாங்க. அதை இப்பத்தான் பெரிசாப் பார்த்துட்டு வாரேன்."

புருவம் எறங்கிருச்சு. அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவரு கிளாஸை வெச்சுப்போட்டு, மேசையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. ரத்தத்துல வாற புத்துநோயி. மெதுவாப் போற வகை. மாத்திரையிலயே வருசக்கணக்கா நல்லா இருக்கறவங்க நெறையப் பேரு. கெட்ட அணு மாசாமாசம் கொறையுதான்னு பார்க்கத்தான் ரத்தம் எடுக்கறது. இதுவரைக்கும் கொறைஞ்சுக்கிட்டுத்தான் வருது.

"பாதிக்கு மேல அரிசிதான் அம்மணி. முருகன் சத்தியமா."

"மீதி?"

"மீதி தெரியலை. மணலா இருந்தாலும் இருக்கும்." அதைச் சொல்லிப்போட்டு அந்த மனுசன் பேக்கரின்னுகூடப் பார்க்காம குலுங்கிக் குலுங்கி அழுதாரு. "நீ உடைஞ்சு போயிருவேன்னு பயந்துட்டேன்."

"நான் எதுக்கு உடையறேன்? நான் என்ன பிளைவுட்டா?"ன்னு கத்துனேன். கத்துறப்பவே எனக்கும் அழுகை வந்துருச்சு. அண்ணன் பண்ணுன தப்பை நீங்க பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேனே, எனக்கும் பணியாரம் திங்க ஆசை இருக்காதான்னு என்னென்னமோ பேசுனேன். பக்கத்து மேசைக்காரங்க எந்திரிச்சு வேற மேசைக்குப் போயிட்டாங்க.

அக்கா பையைத் திறந்து ஒரு மஞ்சத்துணி முடிச்சை எடுத்து என் முன்னால வெச்சாங்க. "நீ பார்த்துருவேன்னு எங்கூட்டுச் சாமி ரூம்ல கொண்டாந்து வெச்சாரு. சொல்லிப்போடுங்கன்னு நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சேன் கண்ணு. இனி உங்கூட்டுலயே இருக்கட்டும்." நான் முடிச்சை அழுத்திப் பார்த்தேன். உள்ள காசு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி மாத்திரையை அட்டையோட வாங்கி, பேரைப் படிச்சுப் பார்த்து, நானே பிதுக்கிப் போட்டுக்கிட்டேன். இப்பவும் அப்படித்தான். தாடி மட்டும் இன்னும் இருக்குது. ரத்தத்துல அந்தக் கெட்ட அணு அத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்ற அன்னைக்குத்தான் பழனி. அது வரைக்கும் காலையில அவரை உக்கார வெச்சு நானே சீப்புல வாரி விடறேன். முழுசா வெளுத்துப்போச்சு. வாரிக்கிட்டே மூஞ்சியை உத்துப் பார்த்துக் கேட்பேன், டாக்டர் என்ன சொன்னாருன்னு. ஆஸ்பத்திரிக்காரங்க இன்னும் அவர் போனுக்குத்தான் கூப்புடறாங்க.

இன்னைக்குக் காலையிலயும் கேட்டேன்.

"கெட்ட அணு போன மாசத்துக்கு இந்த மாசம் கொஞ்சம் ஏறியிருக்குதாம் அம்மணி"ன்னாரு. உதட்டை நனைக்கலை. புருவம் எந்திரிக்கலை.

"செரிங்க"ன்னு சொல்லிப்போட்டு, காதோரத்துல சிக்கு இருந்துச்சு, அதை எடுத்து விட்டேன்.